தொப்பியைக் கையில் வைத்திருக்கும் கவிஞர்

மாஸ்கோவில் இரண்டு பேர் எங்காவது சந்திக்க வேண்டுமென்றால் இடத்தைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "புஷ்கின்கிட்ட, ஆறு மணிக்கு" என்றால் போதும்; ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் சிலைதான் அந்த இடம். த்வெர்ஸ்கயா தெருவும் பூல்வார் வளையம் என்கிற மரநிழல் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது புஷ்கின் சதுக்கம். இளவட்டங்கள் சுருக்கி 'புஷ்கா' என்பார்கள். தரைக்கடியில் மூன்று மெட்ரோ நிலையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: புஷ்கின்ஸ்கயா, செக்கவ்ஸ்கயா, த்வெர்ஸ்கயா. மூன்றாவதற்கு 1990 வரை கார்க்கியின் பெயர். அந்த நாட்களில் ரயில் மாறிப் போகிறவன் ஐந்து நிமிடத்தில் மூன்று எழுத்தாளர்களைக் கடந்திருக்கிறான்.

வேலை நிமித்தமாக ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஊரில் இருக்க நேர்ந்தது. சாயங்காலம் அறைக்குத் திரும்பும் வழியில் அந்தச் சதுக்கத்தில் இறங்கி ஏறுவது பழக்கமாகிவிட்டது. என் வயதுக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சி ஊருக்கு வந்தால், சில ரூபாய்க்குக் கெட்டி அட்டை போட்ட ரஷ்யப் புத்தகம் கிடைக்கும். ராதுகா பதிப்பகம், முன்னேற்றப் பதிப்பகம் என்ற பெயர்களெல்லாம் மாஸ்கோ என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். ஆகவே புஷ்கினை முதன்முதலில் பார்க்கப் போனபோது, கடிதத்தில் மட்டுமே தெரிந்த ஒரு பெரியப்பாவைப் பார்க்கப் போவதுபோலத்தான் இருந்தது.

சிலை பெரிதுதான், ஆனால் மிரட்டாது. தலை லேசாகக் குனிந்திருக்கிறது. தோளில் மேலங்கி, வலது கை மார்புச் சட்டைக்குள் செருகியிருக்கிறது. இடது கை பின்னால் போய் ஒரு தொப்பியைப் பிடித்திருக்கிறது. இந்தத் தொப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரை இல்லை, வாள் இல்லை, சுட்டிக்காட்டும் விரல் இல்லை. நடந்துகொண்டே ஏதோ யோசித்தவர் அப்படியே நின்றுவிட்ட தோற்றம். செய்தவர் அலெக்சாந்தர் ஒபெகூஷின். பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, தன் விடுதலைக்குத் தானே பணம் கட்டிய சிற்பி. அதற்கு முன் ரஷ்யாவில் சிலையாக நின்றவர்களில் பெரும்பாலோர் ஜார்களும் தளபதிகளும். அவர்களுக்குப் பெரும்பாலும் கருவூலம் செலவு செய்தது. புஷ்கினுக்கு ஜனங்கள் காசு போட்டார்கள். அவர் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள் ஆரம்பித்த வசூல், இடையில் படுத்து, மறுபடி எழுந்து, கடைசியில் ஒரு லட்சம் ரூபிளைத் தாண்டியது. 1880 ஜூன் 6, பழைய நாட்காட்டிப்படி, திரை விலகியது.

அந்தத் திறப்பு விழாவைப் பற்றி ஒரு தனி நாவலே எழுதலாம். மூன்று நாள் கூத்து. நாவலாசிரியர் துர்கேனெவ் பாரிசிலிருந்து வந்து, டால்ஸ்டாயை அழைக்க யாஸ்னயா பொல்யானாவுக்கே நேரில் போனார். டால்ஸ்டாய் வர மறுத்துவிட்டார். தஸ்தயெவ்ஸ்கி வந்தார். துர்கேனெவுக்கும் அவருக்கும் பல வருடப் பகை; எழுத்திலேயே ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டவர்கள். ஜூன் 7 அன்று பேசிய துர்கேனெவ், புஷ்கினை ஷேக்ஸ்பியர், கதே வரிசையில் வைக்கலாமா என்ற கேள்விக்கு நழுவலாகப் பதில் சொன்னார். நியாயமான, படித்த மனிதரின் பேச்சு. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் ஜூன் 8 அன்று தஸ்தயெவ்ஸ்கி எழுந்து, உலகத்து மக்கள் எல்லோருடைய மனசுக்குள்ளும் புகுந்து பேசத் தெரிந்த ஒரே கவிஞன் புஷ்கின்தான் என்று முழங்கினார். மண்டபம் அழுதது. அன்றிரவே மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வதைப் பாருங்கள்: இருபது வருடம் பேசிக்கொள்ளாத இரண்டு கிழவர்கள் வந்து தாங்கள் சமாதானமாகிவிட்டதாகச் சொன்னார்களாம், ஒரு மாணவன் மேடைக்கு ஓடி வந்து மயங்கி விழுந்தானாம், துர்கேனெவே வந்து கட்டிக்கொண்டாராம். தனக்குக் கிடைத்த கைதட்டலைத் தஸ்தயெவ்ஸ்கி குறைத்துச் சொல்லும் ஆள் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று இரவு, தனக்குப் போட்ட மாலையை எடுத்துக்கொண்டு போய்ச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு வந்தார். எட்டு மாதத்துக்குள் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இனி பீடத்துக்கு வருவோம். எனக்கு இந்தச் சதுக்கத்தில் முக்கியமானது சிலையைவிட பீடம்தான்.

முன்பக்கம் 'புஷ்கினுக்கு' என்று மட்டும் இருக்கும். இரண்டு பக்கவாட்டிலும் அவருடைய கவிதை. 1836இல், சாவதற்கு முந்திய வருடம், புஷ்கின் தனக்குத் தானே ஒரு நினைவுச்சின்னம் எழுதி வைத்தார். 'கையால் செய்யாத சின்னம்' ஒன்றை எழுப்பிவிட்டேன், அது அலெக்சாந்தரின் தூணைவிட உயர்ந்தது என்று தொடங்கும் கவிதை. பீட்டர்ஸ்பர்க் அரண்மனை முன்னால் ஜாரின் அண்ணனுக்கு 47 மீட்டர் உயரத்தில் தூண் வைத்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அதை அச்சில் கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா? கவிதை மேசைக்குள்ளேயே கிடந்தது. 1837 தொடக்கத்தில், இருவர் நேருக்கு நேர் மோதும் துப்பாக்கிச் சண்டையில் குண்டு பட்டு அவர் இறந்ததும், நண்பரும் மூத்த கவிஞருமான ஜுகோவ்ஸ்கி காகிதங்களைப் பிரித்து அடுக்கினார். பக்கத்தில் ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். ஜுகோவ்ஸ்கி அந்தக் கவிதையைக் காப்பாற்ற ஒரு வேலை செய்தார். அலெக்சாந்தரின் தூணை நெப்போலியனின் தூணாக்கினார். 'என் கொடிய காலத்தில் சுதந்திரத்தைப் பாடினேன், வீழ்ந்தோருக்கு இரக்கம் கேட்டேன். அதற்காக மக்கள் என்னை நெடுநாள் நேசிப்பார்கள்' என்ற இடத்தில் சுதந்திரத்தை எடுத்துவிட்டு, கவிதையின் அழகால் நான் பயன்பட்டேன் என்று ஒரு வரியைப் போட்டார். கொடிய காலமும் போனது, சுதந்திரமும் போனது. 1841இல் அது அப்படியே அச்சேறியது.

ஜுகோவ்ஸ்கியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படிச் செய்யாவிட்டால் கவிதை இன்னும் நாற்பது வருடம் பெட்டிக்குள் இருந்திருக்கும். ஆனால் 1880இல் மக்கள் பணத்தில் எழுந்த பீடத்திலும் அந்தத் திருத்திய வரியைத்தான் பொறித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மறு வருடமே புஷ்கினின் கையெழுத்துப் பிரதி பத்திரிகையில் வெளியாகிவிட்டது. அசல் வரி என்ன என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு அப்புறமும் ஐம்பது வருடத்துக்கு மேல், அவர் எழுதாத வரியைக் காலடியில் வைத்துக்கொண்டு புஷ்கின் நின்றார்.

அந்த ஐம்பது வருடத்தில் அங்கே விளையாடிய குழந்தைகளில் ஒருத்தி, பின்னாளில் கவிஞரான மரீனா ஸ்வெத்தாயெவா. வீடு பக்கத்துச் சந்தில். தினமும் தாதி உலாவக் கூட்டிப்போவது இந்தச் சிலை வரைக்கும்தான். பின்னாளில், நாடு விட்டுப் போய்ப் பாரிசில் இருந்தபோது, அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கையில் வைத்து விளையாடும் குட்டி வெள்ளைப் பீங்கான் பொம்மையைக் கொண்டுபோய் அந்தக் கறுத்த மனிதரின் காலடியில் நிறுத்திவைப்பாராம். பிறகு கீழிருந்து மேலே அண்ணாந்து பார்ப்பார். பொம்மை இத்தனூண்டு, அவர் அத்தனை உயரம். புஷ்கினின் கொள்ளுத்தாத்தா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதையும் சிலையின் கறுப்பையும் சேர்த்து வைத்து, வெள்ளைத் தோலுக்கு எதிரான பாடத்தை இந்தச் சிலையிடம்தான் கற்றேன் என்கிற தொனியில் எழுதுகிறார். சதுக்கத்தைப் பற்றி யார் எழுதியதையும்விட எனக்கு இது பிடிக்கும். விழா மேடை இதில் எங்கேயும் இல்லை.

அவர் அதை எழுதிய வருடம் 1937. மாஸ்கோவில் அதே வருடம் புஷ்கினின் நூறாவது நினைவு நாளை ஸ்டாலின் அரசு ஊரைக் கூட்டிக் கொண்டாடியது. சதுக்கத்தின் பழைய பெயர் ஸ்த்ராஸ்த்னயா. எதிரே 1654இல் கட்டிய பெண் துறவியர் மடம் இருந்தது, அதன் பெயர். அந்தப் பெயரை முப்பதுகளில் நீக்கிப் புஷ்கின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பே மடத்துக்குள் கடவுள் எதிர்ப்பு அருங்காட்சியகம் நடத்தியாகிவிட்டது. 1937இல் மடத்தையே இடித்துத் தள்ளினார்கள். அப்புறம், பீடத்தில் இருந்த ஜுகோவ்ஸ்கியின் வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அசல் வரியைப் பொறித்தார்கள். ஜார் காலத்துத் தணிக்கையை நாங்கள் துடைத்தோம் பாருங்கள் என்ற பெருமை.

1937, 1938 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் அந்த நாட்டில் அரசியல் வழக்குகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், அவர்களுடைய சொந்த ஆவணக் கணக்குப்படியே, 6,80,000 பேருக்கு மேல். அந்த வருடத்தில், நகரத்தின் நடுவில், 'என் கொடிய காலத்தில் சுதந்திரத்தைப் பாடினேன்' என்று கல்லில் எழுதி வைத்தது அதே அரசுதான். யாரும் நக்கலுக்குச் செய்யவில்லை. கொடிய காலம் என்றால் ஜாரின் காலம், அதுதான் முடிந்துபோயிற்றே என்று நிஜமாகவே நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய அரசியல் சட்டத்தை அவர்கள் நிறைவேற்றியது 1936 டிசம்பர் 5. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, திறந்த நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன. காகிதத்தில் ஒன்று, கல்லில் ஒன்று. சில மாத இடைவெளியில் இரண்டு வாக்குறுதிகள். இரண்டையும் யாரும் நம்பப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியவை.

1950இல் சிலையையே நகர்த்தினார்கள். த்வெர்ஸ்கோய் பூல்வாரின் தலைமாட்டில் இருந்த புஷ்கினை, ஆகஸ்ட் மாதத்து ஓர் இரவில், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் கொண்டுவந்து திருப்பி நிறுத்தினார்கள். இப்போது அவர் நிற்பது மடத்தின் மணிக்கூண்டு இருந்த இடம். ஸ்வெத்தாயெவாவின் பொம்மை நின்ற இடத்தைத் தேடுகிறவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். 1961இல் பின்னால் 'ரஷ்யா' என்ற பெரிய சினிமாக் கொட்டகை வந்தது. விடுங்கள், நல்ல கட்டடம் இல்லை.

இனி அந்தத் தொப்பிக்கு வரலாம்.

1965 செப்டம்பரில் ஆந்திரேய் சின்யாவ்ஸ்கி, யூலி தானியேல் என்ற இரண்டு எழுத்தாளர்களைக் கைது செய்தார்கள். புனைபெயரில் வெளிநாட்டில் கதைகள் அச்சிட்டது குற்றம். வழக்கு ரகசியமாக நடக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அலெக்சாந்தர் எசேனின்-வோல்பின் என்று ஒரு கணித அறிஞர். கவிஞர் எசேனினின் மகன். மனநோய் மருத்துவமனையில் பலமுறை அடைக்கப்பட்டவர். அவருக்கு ஒரு விசித்திரமான யோசனை: அரசியல் சட்டத்தில் வழக்குகள் திறந்த மன்றத்தில் நடக்கும் என்று எழுதியிருக்கிறது, அப்படியானால் நடத்தச் சொல்லிக் கேட்போம். ஆட்சியை மாற்று என்றோ கட்சி ஒழிக என்றோ இல்லை. உங்கள் சட்டத்தை நீங்களே மதியுங்கள், அவ்வளவுதான். நண்பர்களிலேயே பாதிப்பேர் சிரித்தார்கள்.

தட்டச்சு செய்த துண்டறிக்கை பல்கலைக்கழகங்களில் கைமாறியது. நாள், அரசியல் சட்ட தினமான டிசம்பர் 5. நேரம் மாலை ஆறு. இடம் புஷ்கின் சிலை. வேறு எந்தக் கோஷமும் வேண்டாம், கலைந்து போகச் சொன்னால் போய்விடுங்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. இவ்வளவு அடக்கமாக அழைத்த ஆர்ப்பாட்டம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. அதற்கே, அறிக்கையைப் பரப்பிய இளைஞர் விளாதிமிர் புகோவ்ஸ்கியை மூன்று நாள் முன்பே பிடித்து மனநோய் மருத்துவமனையில் போட்டார்கள். அன்று மாலை 'சோவியத் அரசியல் சட்டத்தை மதியுங்கள்' என்ற அட்டையை விரித்த சில நிமிடங்களுக்குள் சாதாரண உடையில் இருந்த ஆட்கள் பாய்ந்து பிடுங்கிவிட்டார்கள். அந்த வாசகத்தைப் பிடுங்குவதே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் என்பது பிடுங்கியவர்களுக்கு உறைக்கவில்லை.

வழக்கில் சின்யாவ்ஸ்கிக்கு ஏழு வருடம், தானியேலுக்கு ஐந்து வருடம் உழைப்பு முகாம். முகாமில் இருந்து மனைவிக்கு எழுத அனுமதித்த கடிதங்களுக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, சின்யாவ்ஸ்கி ஒரு முழுப் புத்தகத்தை வெளியே அனுப்பினார். புத்தகம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? புஷ்கினைப் பற்றி. அதுவும் பூசை செய்யும் புத்தகம் இல்லை. புஷ்கினோடு ஜாலியாகத் தோளில் கை போட்டு உலாப் போகிற புத்தகம். வெளியானபோது வெளிநாட்டில் இருந்த ரஷ்யர்களே கோபப்பட்டார்கள்.

1966இலிருந்து அந்தச் சிலையடிக் கூட்டம் ஒரு சடங்காகிவிட்டது. டிசம்பர் 5, மாலை ஆறு மணி. அட்டை இல்லை, பேச்சு இல்லை. சிலையைச் சுற்றி வந்து நிற்பார்கள். மணி ஆறானதும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நிற்பார்கள். பிறகு கலைந்து போவார்கள். சட்டம் செத்ததற்கு மௌன அஞ்சலி.

மாஸ்கோவின் டிசம்பர் மாலை என்றால் என்ன என்று இங்கிருந்து சொன்னால் புரியாது. ஒரு நாள் சும்மா சோதனைக்காக அங்கே நின்று கம்பளித் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். முதலில் காது எரியும். பிறகு நெற்றி எலும்புக்குள் வலி இறங்கும். ஒரு நிமிடம் நிஜமாகவே நீளம். சுற்றிலும் யார் கண்காணிக்கிறார் என்று தெரியாமல், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் நின்றவர்களுக்கு அது இன்னும் நீண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் சாதாரண வழிப்போக்கன் யார், அஞ்சலிக்கு வந்தவன் யார் என்று ஆறு மணிவரை போலீசுக்கும் தெரியாது. ஆறு மணிக்குத் தலையைப் பார்த்தால் தெரியும். சிலையையும் சேர்த்துத்தான்.

1966இல் அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆந்திரேய் சகாரோவ். சோவியத் ஹைட்ரஜன் குண்டைச் செய்தவர், நாட்டின் உச்சபட்ச விருதுகளை வாங்கியவர், அன்றைக்கு இன்னும் அரசின் செல்லப்பிள்ளை. தபால் பெட்டியில் கிடந்த துண்டுச்சீட்டைப் பார்த்து வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு, பிறகு பீடத்தருகே போய், அதில் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தார். என் கொடிய காலத்தில் சுதந்திரத்தைப் பாடினேன், வீழ்ந்தோருக்கு இரக்கம் கேட்டேன்.

வோல்பின் காகிதத்தை எடுத்துக்கொண்டார், சகாரோவ் கல்லை எடுத்துக்கொண்டார். இரண்டையும் எழுதிக் கொடுத்தது ஸ்டாலினின் அரசு. எழுதியதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு வந்து நின்றதுதான் இவர்கள் செய்த குற்றம். எழுத்தாளனுக்குச் சதுக்கம் வைக்கும் அரசுகள் எல்லாமே இந்த ஆபத்தில் மாட்டிக்கொள்கின்றன என்று எனக்குத் தோன்றும். தளபதியின் சிலை சும்மா நிற்கும். எழுத்தாளனோடு வரிகளும் சேர்ந்து வருகின்றன, அவற்றை யாராவது ஒருநாள் வாசித்துத் தொலைப்பார்கள்.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஜனவரி 31 அன்று சோவியத் நாட்டின் முதல் மெக்டொனால்ட்ஸ் இதே சதுக்கத்தில் திறந்தது. முதல் நாளே 30,000 பேருக்கு மேல், பனியில் வரிசை வளைந்து நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2000 ஆகஸ்ட் 8 அன்று சுரங்க நடைபாதையில் குண்டு வெடித்து 13 பேர் செத்தார்கள். 2022 பிப்ரவரி 24 மாலை, உக்ரைன் மீது படை ஏவிய அன்று, யாரும் இடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போருக்கு எதிரானவர்கள் புஷ்காவுக்குத்தான் வந்தார்கள். போலீஸ் வண்டிகளும் அங்கேதான் வந்தன. மெக்டொனால்ட்ஸ் மூடி, அதே வருட ஜூன் மாதம் வேறு பெயரில் திறந்தது.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். உக்ரைன் ஊர்கள் பலவற்றில் அதே வருடம் புஷ்கின் சிலைகளைக் கழற்றி இறக்கினார்கள். முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, கவிஞன் என்ன செய்தான் என்று. பிறகு கெர்சோன் நகரத்து விளம்பரப் பலகைகளின் படங்களைப் பார்த்தேன். ரஷ்யப் படை பிடித்து வைத்திருந்த மாதங்களில் ஊரெல்லாம் புஷ்கின் முகத்தைப் போட்டு, இது ரஷ்ய வரலாறு கொண்ட நகரம், புஷ்கின் இங்கே வந்திருக்கிறார் என்று எழுதி வைத்திருந்தார்கள். வந்தது உண்மைதான். எப்படி வந்தார் தெரியுமா? சுதந்திரத்தைப் பாடியதற்காக 1820இல் ஜார் அவரைத் தலைநகரிலிருந்து தெற்கே துரத்தினார். ஒடெசாவில் ஆளுநர் வொரன்த்சோவின் கீழ் கீழ்நிலை அதிகாரியாக ஒட்டிக்கொண்டிருந்தவரை, 1824இல், கெர்சோன் பக்கம் வெட்டுக்கிளி எவ்வளவு சேதம் செய்தது என்று பார்த்து அறிக்கை எழுத அனுப்பினார்கள். கவிஞருக்கு அது பெரிய அவமானம். நாடுகடத்தப்பட்டவன் வெட்டுக்கிளிக் கணக்கு எடுக்க வந்ததை இருநூறு வருடம் கழித்துப் பட்டாவாகக் காட்டுகிறார்கள்.

அதற்காகப் புஷ்கின் முழுக்க நிரபராதி என்றும் சொல்ல முடியாது. 1831இல் போலந்து மக்கள் எழுச்சியை ஜார் படை நசுக்கியபோது, இது ஸ்லாவ் குடும்பச் சண்டை, வெளியாள் தலையிடாதே என்று ஐரோப்பாவைப் பார்த்து அதட்டிக் கவிதை எழுதியவரும் இவரே. பீடத்தின் மறுபக்கத்தில் பொறித்திருக்கும் வரிகளிலும் அது இருக்கிறது: மாபெரும் ரஷ்யா முழுக்க என் பெயர் பரவும், ஃபின், துங்கூஸ், கல்மிக் இனத்தாரெல்லாம் என்னைச் சொல்வார்கள் என்று. ஒரு பக்கம் சுதந்திரம், மறுபக்கம் பேரரசு. என்னோடு வேலை பார்த்த மாஸ்கோக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள், வித்தியாசமே தெரியாது" என்றார்.

2023 ஜனவரியில் த்னீப்ரோ நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ரஷ்ய ஏவுகணை தகர்த்தது. மாஸ்கோவில் சிலர் பூ வைக்கக் கிளம்பினார்கள். அவர்கள் போனது புஷ்கினிடம் இல்லை. ஊரின் இன்னொரு பகுதியில் உக்ரைன் கவிஞர் லெஸ்யா உக்ரயீன்காவின் சிலை இருக்கிறது, அங்கே. போலீஸ் அங்கேயும் வந்தது, சிலரைப் பிடித்தும் போனது. ஆனால் இடத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துக்கத்தோடு புஷ்கினிடம் போயிருந்தால் 1831 கவிதைக்கும் சேர்த்துப் பதில் கேட்க வேண்டி வந்திருக்கும்.